சொந்தப் படை வாங்காத டாங்கி: பிரான்சின் ஏ.எம்.எக்ஸ்-40 ஏன் விற்கவில்லை?

1987ஆம் ஆண்டில் சவூதி அரேபியா தன் தரைப்படைக்குப் புதிய டாங்கி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக நான்கு நாடுகளின் வண்டிகளைத் தன் பாலைவனத்தில் ஓடவிட்டுச் சோதித்தது. அமெரிக்காவின் எம்1ஏ1 ஏப்ரம்ஸ், பிரிட்டனின் சேலஞ்சர், பிரான்சின் ஏ.எம்.எக்ஸ்-40, பிரேசிலின் ஒசோரியோ ஆகியவையே அந்த நான்கு. இவற்றில் பிரேசில் வண்டியின் சுழல்கோபுரத்தில் பொருத்தியிருந்த 120 மிமீ பீரங்கி, பிரான்சின் அரசு ஆயுத நிறுவனமான ஜியாட் செய்து கொடுத்தது. ஏ.எம்.எக்ஸ்-40ஐ வடிவமைத்ததும் அதே ஜியாட்தான். இரண்டு வண்டிகளின் எடையும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் ஒரே வகைத் தானியங்கிப் பல்சக்கரப் பெட்டி (கியர் பெட்டி) இருந்தது. சோதனைகள் முடிந்தபோது அமெரிக்க வண்டியும் பிரேசில் வண்டியும் அடுத்த கட்டத்துக்குச் சென்றன; பிரெஞ்சு வண்டியும் பிரிட்டிஷ் வண்டியும் விலக்கப்பட்டன. அதன்பின் ஏ.எம்.எக்ஸ்-40ஐ எந்த நாடும் வாங்கவில்லை. செய்யப்பட்ட நான்கு முன்மாதிரிகளோடு அதன் வரலாறு முடிந்துபோயிற்று.

இந்தத் தோல்விக்குப் பொறியியல் குறைகளை மட்டும் காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் அந்த வண்டியின் விவரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, அது அக்காலத்துக்குத் தகுதியில்லாத வண்டி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதன் அடிப்படைச் சிக்கல் வேறு. அது ஏற்றுமதிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பிரெஞ்சுத் தரைப்படை அதை வாங்கப் போவதில்லை என்பது முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாடு டாங்கி வாங்கும்போது இரும்பையும் எந்திரத்தையும் மட்டும் வாங்குவதில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான உதிரிப் பாகங்களையும், பயிற்சியையும், மேம்பாடுகளையும், விற்கும் நாட்டின் நட்பையும் சேர்த்தே வாங்குகிறது. விற்பவரின் சொந்தப் படை பயன்படுத்தாத வண்டிக்கு அந்த உத்தரவாதத்தை யார் தருவது என்ற கேள்விக்கு ஜியாட்டிடம் வலுவான விடை இல்லை.

இதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய தலைமுறையிலிருந்து தொடங்க வேண்டும். 1950களின் இறுதியில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் பொதுவான ஐரோப்பிய டாங்கி ஒன்றை உருவாக்க முயன்றன. இத்தாலியும் அதில் சேர்ந்தது. அந்த முயற்சி பிளவுபட்டு ஜெர்மனியில் லெப்பர்ட்-1 ஆகவும், பிரான்சில் ஏ.எம்.எக்ஸ்-30 ஆகவும் முடிந்தது. வெடிப்பின் ஆற்றலை ஒரே புள்ளியில் குவிக்கும் குழிவு வெடிகுண்டுகள் எத்தகைய எஃகுத் தகட்டையும் துளைத்துவிடும் என்று அக்காலத்தில் நம்பப்பட்டதால், கனத்த கவசத்தைச் சுமந்து திரிவது வீண் என்று பிரெஞ்சுப் பொறியாளர்கள் கருதினர். ஆகவே 36 டன் எடையும், 720 குதிரைத்திறன் எஞ்சினும், 105 மிமீ பீரங்கியும் கொண்ட, வேகமும் தாழ்ந்த உருவமும் உடைய வண்டியை அவர்கள் செய்தார்கள். 1966 முதல் அது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியது.

ஏ.எம்.எக்ஸ்-30 வெளிநாடுகளில் நன்றாகவே விற்றது. ஸ்பெயின் உரிமம் பெற்றுத் தன் நாட்டிலேயே அதைச் செய்தது. கிரீஸ், சவூதி அரேபியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், வெனிசுவேலா, சைப்ரஸ் ஆகியவை வாங்கின. சவூதிக்குச் சென்ற வகையில் பாலை வெப்பத்தில் எஞ்சின் கொதித்துவிடாமலிருக்க அதன் திறன் குறைக்கப்பட்டது. சங்கிலிப் பட்டைகளின் மேல் மணல் தடுப்புத் தகடுகள் சேர்க்கப்பட்டன. பல்சக்கரப் பெட்டியும் குளிர்விப்பு அமைப்பும் அந்த வண்டியின் தீராத நோய்களாகவே இருந்தன. ஸ்பெயின் படையினர் இவற்றால் பெரிதும் அவதிப்பட்டனர். ஆயினும், பிரெஞ்சுப் படையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதே வண்டிகளை வைத்திருந்ததால், குறைகளைச் சரிசெய்யும் செலவையும் பொறுப்பையும் பிரெஞ்சு அரசு எப்படியும் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்ற நம்பிக்கை வாங்கியவர்களுக்கு இருந்தது. புதிய பல்சக்கரப் பெட்டியும் கணிப்பொறி வழிக் குறிபார்ப்பும் கொண்ட பி-2 வகை 1980களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படைக்கென உருவானது இதற்குச் சான்று.

1970களின் நடுவில் டாங்கிகளின் உலகம் தலைகீழாக மாறியது. எஃகோடு வேறு பொருள்களையும் அடுக்கிச் செய்யும், பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட கலப்புக் கவசம், குழிவு வெடிகுண்டுகளைத் தடுக்க முடியும் என்று காட்டிவிட்டது. ஏ.எம்.எக்ஸ்-30 எந்தக் கருத்தின் மேல் நின்றதோ அந்தக் கருத்தே சரிந்தது. ஜெர்மனியின் லெப்பர்ட்-2, அமெரிக்காவின் எம்1, பிரிட்டனின் சேலஞ்சர் என்று அடுத்தடுத்து வந்த வண்டிகள் ஐம்பத்தைந்து முதல் அறுபத்திரண்டு டன் வரை எடை கொண்டவை. 1,200 முதல் 1,500 குதிரைத்திறன் எஞ்சின்களைக் கொண்டவை. பிரான்சும் அப்படியொரு வண்டியை விரும்பியது. ஆனால் அதை ஜெர்மனியோடு கூட்டாகச் செய்யலாம் என்று எண்ணிப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. 1982இல் அந்தக் கூட்டு முயற்சியும் முறிந்தது. அதன் பிறகே பிரான்ஸ் தனித்து இறங்கி, பின்னாளில் லெக்லெர்க் என்று பெயரிடப்பட்ட வண்டியை உருவாக்கத் தொடங்கியது. அது படைக்கு வந்து சேரும்போது 1990கள் ஆகிவிட்டன.

இந்த இடைவெளிதான் ஏ.எம்.எக்ஸ்-40 பிறந்த இடம். ரோவான் நகரின் அரசு டாங்கி ஆலைக்கு வேலை வேண்டும், வடிவமைப்பாளர்களின் கை பழகியிருக்க வேண்டும், ஏ.எம்.எக்ஸ்-30 வாங்கிய நாடுகள் அடுத்த வண்டியைத் தேடும்போது அவர்களுக்குக் காட்ட ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். பிரான்சைப் பொறுத்தவரை ஆயுத ஏற்றுமதி வெறும் வணிகம் அன்று. எந்த வல்லரசையும் சாராத படைக்கலத் தொழிலை நடுத்தர அளவு நாடொன்று தன் படையின் தேவையை மட்டும் கொண்டு காப்பாற்ற முடியாது. வெளிநாட்டு வாங்குவோரின் பணம் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொண்டால்தான் முடியும். ஜியாட் அன்று தனி நிறுவனமாகக்கூட இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கிய அரசு ஆலைகளின் தொகுப்பாகவே இருந்தது. 1990இல்தான் அது அரசுக்குச் சொந்தமான நிறுவனமாக மாற்றப்பட்டது.

முதல் முயற்சி ஏ.எம்.எக்ஸ்-32. 1979இல் காட்சிக்கு வந்த அது, உண்மையில் ஏ.எம்.எக்ஸ்-30இன் உடலுக்குப் புதிய முன்புறத்தையும், பற்றவைத்துச் செய்த புதிய கோபுரத்தையும் கொடுத்த வண்டி. எஞ்சின் பழைய 720 குதிரைத்திறன்தான். பீரங்கி முதலில் 105 மிமீ, பின்னர் 120 மிமீ. எடை கூடியும் திறன் கூடாத அந்த வண்டியை யாரும் வாங்கவில்லை, அதில் வியப்பும் இல்லை. ஏற்கெனவே ஏ.எம்.எக்ஸ்-30 வைத்திருப்பவருக்கு அது போதிய முன்னேற்றமாகத் தெரியவில்லை; புதிதாக வாங்குபவருக்கு அது பழையதாகத் தெரிந்தது.

ஏ.எம்.எக்ஸ்-40 அப்படிப்பட்டதன்று. 1980இல் பணி தொடங்கி, 1983இல் முதல் முன்மாதிரி சாத்தோரியில் நடந்த தரைப்படைக் கருவிகளின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1985க்குள் மொத்தம் நான்கு வண்டிகள் முடிந்தன. முந்தைய வண்டிகளில் பக்கத்துக்கு ஐந்து சக்கரங்கள் இருந்தன, இதில் ஆறு. பொயோ நிறுவனத்தின் பன்னிரண்டு உருளை டீசல் எஞ்சின் 1,100 குதிரைத்திறன் கொடுத்தது. வண்டியின் எடை ஏறத்தாழ 43 டன் என்பதால், ஒரு டன்னுக்கு 25 குதிரைத்திறன் கிடைத்தது. இது லெப்பர்ட்-2க்கும் எம்1க்கும் அருகில் நிற்கும் விகிதம், ஏ.எம்.எக்ஸ்-30இல் இருந்ததைவிட ஒரு டன்னுக்கு ஐந்து குதிரைத்திறன் அதிகம். சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது.

இதன் பீரங்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வண்டியின் மிகச் சிறந்த உறுப்பு அதுவே. புர்ஜ் நகரின் அரசு ஆலை உருவாக்கிய அந்த 120 மிமீ பீரங்கியின் உட்குழல் வழவழப்பானது. குண்டைச் சுழலச் செய்யும் சுருள்வரிகள் உள்ளே இல்லை. சுருள்வரி இல்லாததால், துடுப்பால் நேர்நிலை காக்கும் நீண்ட அம்புக் குண்டுகளை மிக அதிக வேகத்தில் செலுத்தலாம். இந்தக் குண்டுகளில் வெடிமருந்து கிடையாது. வேகமும் எடையும் மட்டுமே கவசத்தைத் துளைக்கின்றன. குண்டேற்றும் அறையின் அளவுகளை ஜெர்மானிய 120 மிமீ பீரங்கியோடு ஒத்துப்போகும்படி அமைத்ததால், லெப்பர்ட்-2இன் குண்டுகளையும் இதில் சுடலாம். வாங்கும் நாடு ஒரே விற்பவரின் குண்டுகளை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை என்பதால், இது ஏற்றுமதியை மனத்தில் கொண்டு எடுத்த அறிவார்ந்த முடிவு. பெரிய பீரங்கிக்குப் பக்கத்தில் 20 மிமீ பீரங்கி ஒன்றும் இருந்தது. அதைத் தனியாக 40 பாகை வரை உயர்த்தி ஹெலிகாப்டர்களை நோக்கிச் சுடலாம். இலகு கவச வண்டிகளுக்கு எதிராக விலை உயர்ந்த 120 மிமீ குண்டை வீணாக்க வேண்டியதில்லை. லேசர் தொலைவுமானி, குறிபார்க்கும் கணிப்பொறி, இரவில் காண வெப்பப்படக் கருவி, வண்டி ஓடும்போதும் அசையாமல் நிற்கும் தளபதியின் நோக்குக் கருவி ஆகியவையும் இருந்தன. கோபுரத்தின் பின்பகுதியில் குண்டுகளைத் தனி அறையில் வைத்து, அவை வெடித்தால் வெடிப்பு மேல்நோக்கி வெளியேறும்படி அமைத்திருந்தார்கள்.

இனி எடை. 43 டன் என்பது தற்செயலான எண் அன்று. அந்த வண்டியை வாங்கக்கூடிய நாடுகளில் பலவற்றின் பாலங்களும், ரயில் பெட்டிகளும், டாங்கி ஏற்றிச் செல்லும் லாரிகளும் நாற்பது டன் வகை வண்டிகளுக்கே பழகியவை. சோவியத் டி-72 வண்டியும் ஏறத்தாழ இதே எடைதான். அறுபது டன் வண்டியை வாங்குபவர் அதனோடு புதிய லாரிகளையும், இழுவை வண்டிகளையும், பாலமிடும் வண்டிகளையும் வாங்க வேண்டும். இந்தக் கணக்கில் ஜியாட்டின் வாதம் நியாயமானதே. ஆனால் டி-72 அந்த எடைக்குள் நின்றது மூன்று பேர் மட்டும் அமரும் மிகச் சிறிய உடலாலும் தானியங்கிக் குண்டேற்றியாலும். ஏ.எம்.எக்ஸ்-40இல் நான்கு பேர் அமர வேண்டும்; அவர்களைச் சுற்றியுள்ள இடம் பெரிது; அந்த இடம் முழுவதையும் கவசத்தால் மூட வேண்டும். ஆகவே முன்புறத்தில் கலப்புக் கவசம் வைத்து, காலாட்படையின் தோள் ஏவுகணைகளைப் போன்ற குழிவு வெடிகுண்டுகளுக்கு எதிராக ஓரளவு பாதுகாப்பை எட்ட முடிந்ததே தவிர, எதிரி டாங்கியின் அம்புக் குண்டுகளைத் தாங்குவதில் அது எம்1க்கோ சேலஞ்சருக்கோ நிகராக நிற்க வழியில்லை. பிரெஞ்சுப் படை இந்த வண்டியை ஏற்காமல், தானியங்கிக் குண்டேற்றியும் மூன்று பேரும் 1,500 குதிரைத்திறனும் கொண்ட வண்டிக்காகக் காத்திருந்ததற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஜியாட்டுக்கு நம்பிக்கை தந்த அரசியல் சூழலும் இருந்தது. சவூதி அரேபியா 1980களின் தொடக்கத்தில் லெப்பர்ட்-2ஐத்தான் கேட்டது. இஸ்ரேலை எண்ணியும் தன் உள்நாட்டு எதிர்ப்பை எண்ணியும் மேற்கு ஜெர்மனி மறுத்துவிட்டது. பிரான்ஸ் ஏற்கெனவே சவூதிக்கு ஏ.எம்.எக்ஸ்-30களையும், அதே உடலின் மேல் அமைந்த ஷாஹின் வான்காப்பு ஏவுகணைகளையும், கடற்படைக் கப்பல்களையும் விற்றிருந்தது. ஆகவே கதவு திறந்திருப்பதாகவே பாரிசுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் 1986இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழாக வீழ்ந்தபோது வளைகுடா நாடுகள் தங்கள் பெரிய கொள்முதல்களைத் தள்ளிப்போட்டன. தள்ளிப்போட்ட அந்த ஆண்டுகளில் அமெரிக்கா 120 மிமீ பீரங்கி பொருத்திய எம்1ஏ1ஐத் தன் படைக்கு ஆயிரக்கணக்கில் செய்துகொண்டிருந்தது. நான்கு முன்மாதிரிகளைக் காட்டும் நாட்டுக்கும், ஆயிரக்கணக்கில் தானே பயன்படுத்தும் வண்டியைக் காட்டும் நாட்டுக்கும் இடையில் தேர்வு செய்ய நேர்ந்தால், இடர் எங்கே குறைவு என்பது வாங்குபவருக்குத் தெரியும்.

சோதனையில் தேறிய ஒசோரியோவின் கதி இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. எங்கேசா என்ற பிரேசில் நிறுவனம் அதை ஏறத்தாழ முழுவதும் ஏற்றுமதியை நம்பியே உருவாக்கியது. பிரேசில் படை அதை வாங்கவில்லை. பாலைவனத்தில் அது சிறப்பாக ஓடியது, சுட்டது, பாராட்டுப் பெற்றது. கடைசியில் சவூதி அமெரிக்காவின் 315 எம்1ஏ2 வண்டிகளையே எடுத்தது. 1990இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்து, அமெரிக்கப் படைகள் சவூதி மண்ணில் வந்து இறங்கிய பிறகு அந்த முடிவை மாற்ற எவராலும் முடியாது. எங்கேசா திவாலாயிற்று. சிறந்த வண்டி செய்தால் விற்கும் என்று நம்பிய ஒரு முழு நிறுவனமே அழிந்தது, ஏ.எம்.எக்ஸ்-40 தோற்றதற்கு வண்டியின் தரத்தை மட்டும் காரணமாக்குவோர் இந்த நிகழ்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஏற்றுமதிக்கென்று வடிவமைத்த டாங்கி விற்கவே விற்காதா? விற்றிருக்கிறது, அதற்கு நமக்கு நன்கு தெரிந்த சான்று சென்னைக்கு அருகே ஆவடியிலேயே இருக்கிறது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் செய்த 38 டன் வண்டியைப் பிரிட்டிஷ் படை வாங்கவில்லை. ஆனால் 1961இல் இந்தியாவோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே விக்கர்ஸ் முழுமையாக இறங்கியது. 1963இல் முன்மாதிரிகள் முடிந்தன. முதல் சில வண்டிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. 1965 முதல் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலை அதை விஜயந்தா என்ற பெயரில் செய்யத் தொடங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைப் படைக்கு அளித்தது. விஜயந்தா குறைகளற்ற வண்டி அன்று. அதன் லேலண்ட் எஞ்சின் பெருந்தொல்லை கொடுத்தது. ஆனால் அதற்குத் தொடக்கத்திலேயே ஒரு தாய்ப்படை கிடைத்துவிட்டது, அது பிறந்த நாட்டின் படையாக இல்லாவிட்டாலும். உற்பத்தியும் பழுதுபார்ப்பும் வாங்கிய நாட்டின் கையில் இருந்தன. அர்ஜென்டினாவுக்காக ஜெர்மானிய நிறுவனமொன்று வடிவமைத்த டாம் வண்டியும் இதே வழியில் வெற்றி பெற்றது. ஜியாட் முதலில் வண்டியைச் செய்துவிட்டுப் பிறகு வாங்குபவரைத் தேடியது; விக்கர்ஸ் வாங்குபவரைப் பிடித்த பிறகு வண்டியைச் செய்தது. வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் அந்த வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நேர் எதிர்த் திசையில் சென்ற வண்டியும் ஒன்று உண்டு. ஈரானின் ஷா பிரிட்டனிடம் கேட்டிருந்த ஷிர்-2 டாங்கி, 1979 புரட்சியால் வாங்க ஆளின்றிப் போனது. பிரிட்டிஷ் அரசு அதைக் கைவிடாமல் மாற்றங்கள் செய்து தன் படைக்கே சேலஞ்சர் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. பிரான்சுக்கு அப்படியொரு வழி திறந்திருக்கவில்லை. லெக்லெர்க்குக்குப் பணம் ஒதுக்கப்பட்டுவிட்ட நிலையில், இடையில் ஏ.எம்.எக்ஸ்-40 ஒன்றிரண்டு படைப்பிரிவுகளுக்கு வாங்கப்பட்டிருந்தால்கூட, புதிய வண்டியின் பணம் கரைந்திருக்கும். ஆகவே பிரெஞ்சுப் படை விலகி நின்றதைக் குறை சொல்ல முடியாது. 1991 வளைகுடாப் போருக்கு அது தன் பழைய ஏ.எம்.எக்ஸ்-30 பி-2 வண்டிகளையே கொண்டு சென்றது. நாற்பத்துநான்கு வண்டிகள், பிரான்ஸ் அப்போருக்கு அனுப்பிய டாகே படைப்பிரிவோடு ஈராக்கினுள் நுழைந்தன.

ஏ.எம்.எக்ஸ்-40இல் செலவிட்ட உழைப்பு முழுவதும் வீணாகிவிடவில்லை. வழவழப்பான 120 மிமீ பீரங்கியில் புர்ஜ் ஆலை பெற்ற பயிற்சியும், நோக்குக் கருவிகளும், புகைக்குண்டு எறியும் அமைப்பும் லெக்லெர்க்கில் வேறு வடிவில் தொடர்ந்தன. ஏற்றுமதிக்கான பாடத்தையும் ஜியாட் ஓரளவு கற்றது. 1993இல் ஐக்கிய அரபு அமீரகம் லெக்லெர்க்கை வாங்க ஒப்பந்தம் செய்தபோது, அது பிரெஞ்சுப் படையின் சொந்த வண்டியாக இருந்தது. அந்த முத்திரையின்றி அப்படிப்பட்ட ஒப்பந்தம் நடந்திருக்காது. ஆயினும் அமீரகம் பிரெஞ்சு எஞ்சினை ஏற்கவில்லை, ஜெர்மனியின் எம்.டி.யு. எஞ்சினைப் பொருத்தித் தரும்படி கேட்டது. 388 போர் டாங்கிகளையும், 46 மீட்பு வண்டிகளையும், இரண்டு பயிற்சி வண்டிகளையும் வாங்கிக்கொண்டது. பிரான்ஸ் தனக்கென வாங்கியதோ 406 டாங்கிகள்.

அந்த விற்பனையும் ஜியாட்டுக்கு லாபம் தரவில்லை. டாலரில் நிர்ணயித்த விலை, வெப்பநாட்டுக்கென்று செய்த மாற்றங்கள், விற்பனைக்கு ஈடாக அமீரகத்தில் முதலீடு செய்வதாக ஏற்றுக்கொண்ட கடமைகள் எல்லாம் சேர்ந்து பெருநட்டத்தை உண்டாக்கின. அரசு மீண்டும் மீண்டும் பணம் ஊற்றி நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. 2006இல் நெக்ஸ்டர் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், 2015இல் லெப்பர்ட்-2ஐச் செய்யும் ஜெர்மானிய நிறுவனத்தோடு இணைந்தது. 1950களில் தொடங்கி 1982இல் இரண்டாம் முறையாக முறிந்த பிரெஞ்சு–ஜெர்மானியக் கூட்டு, தொழில் அளவில் அப்போதுதான் நிறைவேறியது. ரோவான் ஆலையிலிருந்து கடைசிப் புதிய லெக்லெர்க் 2008இல் வெளிவந்தது. அமீரகத்துக்குப் பிறகு வேறு எந்த நாடும் பிரான்சிடமிருந்து புதிய டாங்கி வாங்கவில்லை.